சாணி பூசின வெட்டுவாய்

போன வருஷம் மந்தாரக்குப்பத்துல ஒரு கல்யாண மண்டபத்துல கூட்டம் போட்டாங்க. விவசாயிங்க, வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் வரலாம்னு ஆட்டோவுல மைக் கட்டிச் சொல்லிட்டுப் போனாங்க. முந்திரி பத்தி என்னமோ திரையில காட்டுறாங்கன்னு கேள்விப்பட்டு நானும் போய் உக்காந்தேன். கழுத்துல அட்டை தொங்கவிட்ட ஒரு இளவட்ட அதிகாரி பேசினாரு. முந்திரிக் கிளை, சருகு, கொட்டை ஓடு, பலா மட்டை, இதையெல்லாம் நீங்க குப்பைன்னு நினைச்சு வீணா எரிச்சிடுறீங்க, இதுக்குள்ள எவ்வளவு சக்தி இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது, இதை வெச்சு பாய்லர் ஓட்டலாம், கரண்ட் எடுக்கலாம்னு சொன்னாரு.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. யாருக்குத் தெரியாதாம்? முந்திரிக்காட்டுல பொறந்தவளுக்கு முந்திரி எரியறதைப் பத்தி வகுப்பெடுக்கறாரு. எழுந்து நின்னு, "தம்பி, வீணா எரிச்சது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன். கேள்வியெல்லாம் கடைசியில கேக்கலாம்மான்னு அவரு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. பக்கத்துல இருந்தவ என் முந்தானையைப் பிடிச்சு இழுத்தா. அந்தப் பிள்ளை மேல தப்பில்லை, அவரு அப்பப் பொறந்திருக்கவே மாட்டாரு. ஆனா எனக்கு அங்க உக்கார முடியல, எழுந்து வந்துட்டேன். அங்க கேக்க முடியாததைத்தான் இங்க எழுதறேன்.

எங்க ஊர் முத்தாண்டிக்குப்பத்துக்குப் பக்கம். எங்கப்பாவுக்கு ஒரு முந்திரித் தோப்பு இருந்துச்சு, நடுவுல மூணு பலா. எங்க வீட்டு அடுப்புக்கு வெளியில இருந்து ஒரு குச்சி வந்ததில்லை. சருகு சட்டுனு பத்திக்கும், அதனால அடுப்பு மூட்ட மட்டும் சருகு. உலை கொதிக்கிற வரைக்கும் சுள்ளி. கொதிச்ச பிறகு நின்னு எரியறதுக்கு மணிக்கட்டு தடிமன்ல கிளை. பலா மட்டையைக் காயவெச்சு மழைக்காலத்துக்கு எடுத்து வெச்சுக்குவோம். கொட்டை ஓட்டைச் சோத்து அடுப்புல வெக்க மாட்டோம். அதுல இருந்து எண்ணெய் கசிஞ்சு தெறிக்கும், பட்ட எடம் புண்ணாகும், புகை கண்ணைப் பிடுங்கும். ஆனா நெல் அவிக்கிற அண்டாவுக்குக் கீழ நாலு கைப்பிடி ஓட்டைப் போட்டா திகுதிகுன்னு எரியும், வேற எந்த வெறகும் அதுகிட்ட நிக்க முடியாது. இதெல்லாம் எங்க ஊர்ல பாவாடை கட்டின பிள்ளைக்குத் தெரியும். சக்தியாம்.

எழுபதுகளோட கடைசியில எங்க பக்கத்துத் தோப்புங்களைப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்குன்னு எடுத்தாங்க. அதுக்கு என்ன குடுத்தாங்க, என்ன குடுக்கலங்கிற பேச்சை நான் இங்க எடுக்கப் போறதில்லை, எடுத்தா முடியாது. மாசி மாசம் எங்கப்பா கையெழுத்துப் போட்டுட்டு வந்தாரு. அப்ப மரம் பூவும் பிஞ்சுமா இருந்துச்சு. வந்து வாசல்ல உக்காந்து ஒரு சொம்பு தண்ணியைக் குடிச்சுட்டு, "தோப்பு இனிமே நம்மளது இல்ல"ன்னாரு. ஆனா யாரும் வரல. வேலி போடல, மரத்தைத் தொடல. பங்குனி, சித்திரையில கொட்டை விழுந்துச்சு, ஊர்க்காரங்க எப்பவும் போல போய்ப் பொறுக்கினோம், ஏன்னு கேக்க ஆள் இல்லை. நிலம் போச்சுங்கிறது காதுக்குத்தான் எட்டியிருந்துச்சு, காலுக்கு எட்டல.

அதே வைகாசியில எனக்குக் கல்யாணம் பேசி முடிச்சாங்க. மாப்பிள்ளை சுரங்கத்துல பர்மனென்ட், நகரியத்துல குவார்ட்டர்ஸ். அவங்களும் எங்க மாதிரி நிலம் குடுத்த குடும்பம்தான், முன்னாடியே குடுத்ததால வேலை கிடைச்சிருந்துச்சு. கல்யாணத்தை ஆவணியில வெச்சாங்க.

எங்க பக்கத்துல பொண்ணு வீட்ல கல்யாணம்னா மொதல்ல வெறகைத்தான் அடுக்குவாங்க. கொட்டை பொறுக்கி முடிச்சதும் தோப்புல கிளை கழிப்போம். மரத்துக்கும் நல்லது, அடுத்த வருஷம் காய்ப்பு நல்லா இருக்கும், கழிச்ச கிளை கல்யாணச் சமையலுக்கும் ஆகும். பின்கட்டுல ஆள் உயரத்துக்குப் போர் மாதிரி அடுக்கி வெயில்ல காயவிடுவாங்க. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்க நாள் பார்த்து வந்து அந்த அடுக்கைச் சுத்திப் பார்ப்பாங்க, ஒரு குச்சியை எடுத்து ஒடிச்சுப் பார்ப்பாங்க. படக்குனு ஒடிஞ்சா சந்தோஷம். பொண்ணைப் பார்க்கறதை விட அதை ஒழுங்காப் பார்ப்பாங்கன்னு எங்கம்மா கேலி பண்ணுவாங்க.

ஆனி மாசம் எங்கப்பா கத்தியைத் தீட்டினாரு. வண்டியைப் பூட்டினாரு. நானும் அம்மாவும் கூடப் போனோம். எங்கம்மா தயங்கினாங்க. "நம்மளது இல்லன்னு நீயே சொல்லிட்டு நீயே போய் வெட்டுறியே"ன்னு கேட்டாங்க.

"கொட்டைய பொறுக்கினோம், எவனாவது கேட்டானா? பொண்ணு கல்யாணத்துக்கு வெறகு வேணாமா?"

"அப்ப காஞ்சத மட்டும் ஒடிச்சுகினு வா. அந்த மரத்துக்குப் போயி கவாத்து பண்ணிகினு."

அதைத்தான் அவரு கேக்கல. கேக்க முடியல அவரால. வெறகு மட்டும் வேணும்னா எங்க வேணா வெட்டி முறிச்சு இழுத்துட்டு வந்திருக்கலாம். எங்கப்பா ஒவ்வொரு மரத்தையும் சுத்தி வந்து, எது உள்பக்கம் போற கிளை, எது ஒண்ணோட ஒண்ணு உரசுற கிளைன்னு நின்னு நிதானிச்சுப் பார்த்துட்டுத்தான் கத்தியைப் போட்டாரு. பட்டை கிழியாம, தண்ணி தேங்காம, சாய்வா ஒரே வெட்டு. வெட்டின எடத்துல பூச்சி ஏறக்கூடாதுன்னு சாணியும் செம்மண்ணும் குழைச்சுப் பூசறது எங்க வழக்கம். பக்கெட்டுல குழைச்சு வெச்சுக்கிட்டுப் பின்னாடியே போய்ப் பூசினது நான்தான்.

அம்மாவுக்குச் சிரிப்பும் வந்துச்சு, கோபமும் வந்துச்சு. "நாளைக்கி பேத்துப் போடப் போற மரத்துக்கு மருந்து பூசிகினு இருக்கிற மனுஷனயும் பொண்ணயும் எங்கியாவது பாத்ததுண்டா?"ன்னாங்க.

"பேக்கறவன் பேத்துக்கட்டும். இருக்கிற வரைக்கும் அது மரந்தான். தலய விரிச்சுப் போட்டுகினு நிக்கட்டும்னு வுட்டுட்டு வர சொல்றியா?"ன்னாரு எங்கப்பா. அவ்வளவுதான் அவரு சொன்னது. நான் அடுத்த வெட்டுக்குப் போய்ப் பூசினேன்.

வண்டி நிறைய கிளையை ஏத்திக்கிட்டு வர்றப்ப வண்டிப்பாதையில ஒரு ஆள் காக்கிச் சட்டையோட நின்னான். மரங்களை அப்புறப்படுத்தித் தரைய சுத்தம் பண்ணிக் குடுக்கறதுக்கு ஒருத்தன் காண்ட்ராக்ட் எடுத்திருந்தான், அவனோட வாட்ச்மேன். தோப்புக்குக் காவல் போட்டு எத்தனை நாள் ஆச்சோ, எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல. மாட்டுக்கயித்தைப் பிடிச்சுக்கிட்டு, "திருட்டு வெறகா? வண்டிய ஷெட்டுக்கு ஓட்டு"ன்னான். எங்கப்பா வண்டியைத் திருப்பினாரு. நான் பக்கெட்டோட வண்டி பின்னாடியே நடந்தேன். அம்மாவை வீட்டுக்கு அனுப்பிட்டாரு.

காண்ட்ராக்டர் ஷெட்டு மந்தாரக்குப்பம் போற ரோட்டோரம். அன்னிக்குன்னு பார்த்து வெளியில எங்க ஊர் ஆளுங்க பாதிப்பேரு நின்னுக்கிட்டு இருந்தாங்க. தோப்பு போனவங்களுக்கு மரம் வெட்டுற கேங்க்ல வேலை, அது முடிஞ்சதும் சுரங்கத்துல காண்ட்ராக்ட் வேலைக்குச் சொல்லி விடறேன்னு அவன் வாக்குக் குடுத்திருந்தான். எங்கப்பா பேரையும் எழுதியிருந்தாங்க. நல்லா விளங்கிக்கணும், எங்களுக்கு இருந்தது அந்தத் தோப்பு ஒண்ணுதான். அது போன பிறகு அடுப்பு எரியறதுக்கு அந்த வேலையை விட்டா வேற கதி கிடையாது. ஆவணியில கல்யாணம் வேற.

வெள்ளைச் சட்டையோட நாற்காலியில உக்காந்திருந்தான் அந்தக் காண்ட்ராக்டர். வண்டியைச் சுத்தி வந்து பார்த்தான். "காண்ட்ராக்ட் எடுத்தவன் நானு. எனக்குத் தெரியாம ஒரு வண்டி போவுது. நாளைக்கி ஊரே வண்டி பூட்டிகினு வரும். நான் எதை வித்து லாரிக்கு டீசல் போடறது?"ன்னான்.

எங்கப்பா கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. "நான் வெச்ச மரங்க அது. பொண்ணுக்குக் கல்யாணம், அதான் கழிச்சேங்க."

"வெச்சது நீயா இருக்கலாம். இப்ப எடுத்தது திருட்டு."

என்னால பொறுக்க முடியல. கல்யாணம் நிச்சயமான பொண்ணு, நாலு ஆம்பளைங்க நடுவுல வாயைத் திறக்கக் கூடாதுதான். திறந்தேன். பக்கெட்டை அவன் மேசை மேல டொப்புனு வெச்சேன். "திருட வந்தவன் வெட்டுவாய்க்குச் சாணி பூசுவானா? போய்ப் பாருங்க. ஒவ்வொரு மரத்துலயும் பூசியிருக்கேன். திருட்டுப் பய எவனாவது பூசிட்டுப் போவானா?"ன்னு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரிதான் கேட்டேன். அவனுக்கு நாக்கு இருந்தாத்தானே.

அவன் பக்கெட்டுக்குள்ள எட்டிப் பார்த்தான். மூக்கைப் பிடிச்சுக்கிட்டான். அப்புறம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். வாட்ச்மேன் சிரிச்சான். "பேத்து எரிக்கப் போற மரத்துக்கு சாணி பூசினியா? அப்பனும் பொண்ணும் பைத்தியமா?"ன்னான். வெளியில நின்ன எங்க ஊர் ஆளுங்கள்ல யாரும் சிரிக்கல. ஆனா யாரும் வாயையும் திறக்கல. எல்லாருக்கும் வேலை வேணும். நான் அவங்களைக் குத்தம் சொல்லல. சொல்லணும்னு தோணும், சொல்ல மாட்டேன்.

சிரிச்சு முடிச்சுட்டு அவன் எங்கப்பாவைப் பார்த்துச் சொன்னான். "சரி, போலீசு அது இதுன்னு வேணாம். வெளியில வந்து எல்லார் முன்னாடியும் திருடிட்டேன்னு சொல்லு. வேலையில சேத்துக்கறேன். சொல்லலன்னா வேலயும் இல்ல, கேசு வேற." கொழுப்பைப் பாருங்க. வண்டி வெறகை அவன் வெச்சுக்கிட்டிருக்கலாம், அபராதம் கேட்டிருக்கலாம். அவனுக்கு அது வேணாம். ஊர்ல வேற எவனும் ஒரு சுள்ளியைத் தொடக்கூடாது, அதுக்கு ஒருத்தன் தலை குனியறதை எல்லாரும் பார்க்கணும்.

எங்கப்பா என்னைப் பார்த்தாரு. சொல்லாதப்பான்னு தலையை ஆட்டினேன். அவரு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. அந்த ஆனி வெயில்ல என் கழுத்துல ஒரு மஞ்சக்கயிறு ஏறணுமேங்கிறதைத்தான் பார்த்தாருன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுது. வெளியில போனாரு. சொந்தக்காரங்க, பங்காளிங்க, கூடப் பொறந்து வளர்ந்தவங்க எல்லாம் நிக்கிறாங்க. "திருடிட்டேங்க"ன்னு சொன்னாரு. சத்தமா சொல்லுன்னான் உள்ள இருந்தவன். மறுபடி சொன்னாரு.

வண்டியை விட்டுட்டாங்க, வெறகை இறக்கிக்கிட்டாங்க. வர்ற வழியெல்லாம் நான் திட்டிக்கிட்டே வந்தேன். அவனைத் திட்டினேன், வாட்ச்மேனைத் திட்டினேன், வாயில கொழுக்கட்டையை வெச்சுக்கிட்டு நின்ன ஊர்க்காரங்களைத் திட்டினேன். கடைசியில எங்கப்பாவையும் திட்டினேன். ஏம்பா சொன்னேன்னு கேட்டு அழுதேன். "வுடு. வாயிலதான சொன்னேன்"ன்னாரு. மாட்டை விரட்டிக்கிட்டே நேரா பார்த்துக்கிட்டு வந்தாரு.

வெறகு பார்க்க வர்ற நாள்ல மாமனார் வந்தாரு. விஷயம் அதுக்குள்ள அவங்க ஊருக்கும் போயிடுச்சு. எங்கம்மா பின்கட்டைப் பெருக்கித் தண்ணி தெளிச்சு வெச்சிருந்தாங்க. அடுக்கு இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணும் இல்லை. மாமனார் அந்த வெறுந்தரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாரு. அவரும் ஒரு காலத்துல தோப்பு வெச்சிருந்தவருதான். "வெறகு இல்லன்னா இன்னா சம்பந்தி, டவுன்ஷிப்புல கரி கெடைக்குது, அதுல ஆக்கிக்கலாம்"ன்னு சொல்லிட்டு எங்கப்பா கையைப் பிடிச்சுக்கிட்டாரு. நல்ல மனுஷன். அவரு அப்படி நல்லவரா இருந்ததும் எனக்கு அன்னிக்கு எரிச்சலாத்தான் இருந்துச்சு.

அடுத்து நடந்ததையும் சொல்லிடறேன்.

ஆடியில புல்டோசர் வந்துச்சு. காண்ட்ராக்டர் எங்க தோப்புல அடிமரத்தை மட்டும் அறுத்துச் செங்கல் சூளைக்கு லாரியில ஏத்தினான். கிளை, சுள்ளி, சருகு, அப்பத்தான் காய்க்க ஆரம்பிச்ச கன்னுமரம், மூணு பலா, எல்லாத்தையும் தள்ளி மலையாக் குவிச்சாங்க. அதை ஏத்திட்டுப் போனா லாரி வாடகைக்குக் கட்டாதாம். எங்க ஊர்ப் பொம்பளைங்க கும்பலாப் போய், நாங்க தலையில தூக்கிட்டுப் போறோம், எங்களுக்கு விடுங்கன்னு கேட்டாங்க. விட்டா ஆளாளுக்கு உள்ள வருவீங்க, எனக்கு வேலை கெடும்னு விரட்டிட்டான். அப்புறம் அந்த மலை மேல டீசலை ஊத்தச் சொன்னான்.

நான் அம்மாவோட தூரத்துல மேட்டுல நின்னு பார்த்தேன். குவியலோட மேல்பக்கத்துல எங்க வண்டியில இருந்து இறக்கின கிளைங்க கிடந்துச்சு. ஷெட்டு வாசல்ல சும்மா போட்டு வெச்சிருந்ததைக் கொண்டாந்து கொட்டியிருக்கான். அதையாவது வித்துத் தின்னானா? இல்லை. பக்கத்துல புல்டோசர் புரட்டிப் போட்ட மரங்கள்ல வெட்டுவாயில நான் பூசின சாணி காய்ஞ்சு செவப்பாத் தெரிஞ்சுது. கேங்க்ல இருந்த எங்கப்பா கையிலதான் தீப்பந்தத்தைக் குடுத்தாங்க. எந்தப் பக்கம் காத்து அடிக்குதுன்னு அவருக்குத்தானே தெரியும்.

வெச்சாரு. முந்திரி அப்படி எரிஞ்சு நான் பார்த்ததே இல்லை. எத்தனை அண்டா நெல் அவிச்சிருக்கலாம். எத்தனை வீட்டுக்கு மழைக்காலம் முழுக்க அடுப்பு எரிஞ்சிருக்கும். எத்தனை கல்யாணத்துக்குச் சோறு ஆகியிருக்கும். யாருக்கும் ஒரு டம்ளர் தண்ணி கூடச் சுட வெக்காம வானத்துக்குப் போச்சு. கீழ புதைஞ்சு கிடக்கிற எரியற மண்ணை எடுக்கறதுக்காக மேல நின்ன எரியற மரத்தைச் சும்மா எரிச்சாங்க. யாரும் இதுல ஒரு கோணலையும் பார்க்கல. மூணு பொழுதுக்கும் மேல புகைஞ்சுக்கிட்டே கிடந்துச்சு. நகரியத்துல துணி காயப் போட்டவங்க சாம்பல் விழுதுன்னு உள்ள எடுத்துக்கிட்டாங்களாம், பின்னாடி பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க.

கல்யாணம் நடந்துச்சு. கரி அடுப்புல ஆக்கின சோறு. எங்கப்பா எல்லாரையும் பந்தியில உக்கார வெச்சுக் கவனிச்சாரு, அவரு மட்டும் சாப்பிடல. எனக்கு அப்புறம், எனக்கு அப்புறம்னே சொல்லிக்கிட்டு இருந்தாரு. குவார்ட்டர்ஸ் வந்த பிறகு என் மாமியார் ஏதாவது சின்ன சண்டைன்னா, "வெறகுத் திருடன் வூட்டுப் பொண்ணுக்கு வாயப் பாரு"ம்பாங்க. ஒருநாள் சோத்துத் தட்டைத் தூக்கி எறிஞ்சேன். என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிஞ்சு வந்தவர், சுவரெல்லாம் குழம்பைப் பார்த்துட்டு அம்மாவைத்தான் கண்டிச்சாரு. அதுக்குப் பிறகு அந்தப் பேச்சு நின்னுச்சு.

இதையெல்லாம் கூட நான் ஒருவழியா செரிச்சிருப்பேன். செரிக்காதது ஒண்ணு இருக்கு.

அந்தத் தையில எனக்குத் தலைப்பொங்கல். எங்கப்பா சீர் எடுத்துட்டு வந்தாரு. புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சக்கொத்து, எல்லாத்தையும் பஸ்சுல சுமந்துட்டு வந்தாரு. அப்பதான் மொத தடவையா என் வீட்டுக்கு வர்றாரு. குவார்ட்டர்ஸ் பின்னாடி முன்ன குடியிருந்தவங்க யாரோ வெச்ச முந்திரி மரம் ஒண்ணு நின்னுச்சு. யாரும் கழிச்சதில்லை, புதர் மாதிரி கிடந்துச்சு. கீழ காய்ஞ்ச சுள்ளி நிறைய. அதைப் பார்த்துத்தான் நான் அந்த மரத்தடியில மூணு கல்லை வெச்சுக் கோலம் போட்டு வெச்சிருந்தேன். மண்ணெண்ணெய் ஸ்டவ்வுல எவ பொங்கல் வெப்பா?

எங்கப்பா அந்த மரத்தைப் பார்த்ததும் அவரு கண்ணு ஓடுன ஓட்டம் எனக்குத் தெரியும். எது உள்பக்கம் போற கிளை, எது உரசுற கிளைன்னு பார்த்தாச்சு. குனிஞ்சு ஒரு சுள்ளியை எடுத்தாரு. படக்குனு ஒடிச்சாரு. சந்தோஷமா என்னைப் பார்த்தாரு. அப்புறம் அந்த முகம் மாறுச்சு. இந்தப் பக்கம் அடுத்த குவார்ட்டர்ஸைப் பார்த்தாரு, அந்தப் பக்கம் ரோட்டைப் பார்த்தாரு. குரலைத் தாழ்த்திக்கிட்டு, "யம்மா, இத எடுக்கலாமா? யாரையாவது கேக்கணுமா?"ன்னாரு.

"கீழ கெடக்கிற குச்சிப்பா. நம்ம வூடு"ன்னேன்.

"வூடு அவங்க குடுத்தது. மரம் யாருதோ. உன் வூட்டுக்காரர் வேலைக்கி ஒண்ணு ஆவக்கூடாது."

எவ்வளவு சொல்லியும் கேக்கல. ஒடிச்ச ரெண்டு துண்டையும் எடுத்த எடத்துலயே, ஒண்ணு பக்கத்துல ஒண்ணா கீழ வெச்சாரு. கையை வேட்டியில துடைச்சுக்கிட்டாரு. தோப்புல நின்னு, பேக்கறவன் பேத்துக்கட்டும்னு சொன்ன மனுஷன்.

நான் கல்லுங்களை எட்டி உதைச்சுட்டு, புதுப்பானையை எடுத்துக்கிட்டு உள்ள போனேன். அன்னிக்கு எங்க வீட்ல மண்ணெண்ணெய் ஸ்டவ்வுலதான் பொங்கல் பொங்குச்சு.